ராய் கேட்ட துப்பாக்கி

மான் வேட்டைக்குக் கைத்துப்பாக்கி வாங்க வேண்டும், எந்தக் காலிபர், அதாவது எந்த அளவுத் தோட்டா, சரியாக இருக்கும் என்று ராய் என்பவர் கேட்டபோது சுகாசினி காலை டீயைக்கூடக் குடித்து முடித்திருக்கவில்லை.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில் அவளுடைய ஆபீஸ். அமெரிக்காவில் துப்பாக்கி, தூண்டில், கூடாரம் என்று காட்டுக்குப் போகிறவர்களுக்கான சாமான்களை விற்கிற ஒரு கம்பெனி. அதன் வலைதளத்துக்குள் வந்து கேள்வி கேட்கிறவர்களுக்குச் சாட்டில் பதில் சொல்வதுதான் வேலை. இங்கே பொழுது விடிகிற நேரம் அங்கே ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிட்டு, செல்போனும் கையுமாகச் சாய்ந்து உட்கார்கிற நேரம். அதனால் முசரவாக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவாள். மத்தியானம் வீடு திரும்பிவிடுவாள். சாட்டில் அவளுக்குப் பெயர் சூசி.

துப்பாக்கி என்று அவள் நேரில் பார்த்தது பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி மடியில் கிடப்பதை மட்டும்தான். ஆனால் மூன்று வருஷமாக அதே கேள்விகளுக்குப் பதில் அடித்து அடித்து, எந்தத் தோட்டா எவ்வளவு தூரம் போகும், எது கையை எவ்வளவு உதைக்கும் என்பதெல்லாம் வீட்டு மளிகைச் சாமான் மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

அன்றைக்கு ராயிடம் வழக்கமான கேள்விகளையே கேட்டாள். எந்த மாநிலம்? ஓஹையோ. எவ்வளவு தூரத்திலிருந்து சுடுவீர்கள்? எழுபது கஜம் இருக்கலாம். ரைபிள் ஏன் வேண்டாம்? தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, கட்டையைத் தோளில் வைத்து அழுத்த முடியாது. இது அடிக்கடி கேட்கிற விஷயம்தான். வயசானவர்கள் பலர் இப்படித்தான் கைத்துப்பாக்கிக்கு மாறுகிறார்கள்.

".44 மேக்னம் மானுக்குத் தாராளமாகப் போதும், ஆனால் உதை அதிகம். உங்கள் தோளுக்கு .357 மேக்னம் நல்லது. அதில் தூரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதினாள்.

பிறகு ராய், குறிபார்க்க மேலே மாட்டுகிற ஸ்கோப்பைப் பற்றிக் கேட்டார். ரைபிளில் மாட்டுகிற ஸ்கோப்பைக் கைத்துப்பாக்கியில் மாட்ட முடியாது. கையை நீட்டிப் பிடித்துச் சுடுவதால் கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் முழங்கை நீளம் இடைவெளி வரும். அந்தத் தூரத்திலும் படம் தெளிவாகத் தெரிகிற மாதிரி தனியாகச் செய்த ஸ்கோப் வேண்டும். இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது ஒன்றையும், ஏழு மடங்கு வரை ஏற்றி இறக்குகிற ஒன்றையும் சாட்டில் படம் போட்டுக் காட்டினாள். இரண்டு மடங்கே போதும், கை நடுக்கம் அதில்தான் குறைவாகத் தெரியும் என்றாள்.

"நன்றி சூசி. உனக்கு விஷயம் தெரிகிறது" என்று எழுதினார். பிறகு ஒரு வரி வந்தது.

"அவள் சின்ன உடம்பு. நூற்றிருபத்தைந்து பவுண்டு. அதற்கு .357 போதும்தானே?"

பெண்மானை வேட்டைக்காரர்கள் 'அவள்' என்றுதான் எழுதுவார்கள். அது சுகாசினிக்குப் பழகிப்போன விஷயம். நூற்றிருபத்தைந்து பவுண்டும் ஒரு பெண்மானின் எடைதான். போதும் என்று அடிக்கப் போனவள் விரலை எடுத்துவிட்டாள். மானின் எடையை எல்லோரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். நூறு, நூற்றைம்பது என்பார்கள். சுட்டு எடைபோட்ட பிறகுதான் கணக்காகச் சொல்வார்கள். காட்டில் உயிரோடு நடமாடுகிற மானின் எடை இவருக்கு எப்படித் தெரியும்?

தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தாள். எந்த மாநிலத்தில் எப்போது வேட்டைக்காலம் என்று போட்ட அட்டவணை அங்கே ஒட்டியிருந்தது. மாசி மாசம் பாதி தாண்டியாயிற்று. ஓஹையோவில் மான் வேட்டை முடிந்து நாளாகிவிட்டது.

"அடுத்த சீசனுக்காக இப்போதே வாங்குகிறீர்களா?" என்று இயல்பாகக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"இல்லை. நாளைக்கே வேண்டும். உங்கள் கடை எங்கள் ஊரிலேயே இருக்கிறது. காலையில் போய் எடுத்துக்கொள்ளலாமா?"

"இப்போது சீசன் இல்லையே?"

"என் நிலத்தில் பயிரை நாசம் செய்கிறது. அதற்கு அனுமதி இருக்கிறது."

அப்படி ஓர் அனுமதி உண்டு. பயிரை மேய்கிற மானைச் சீசன் இல்லாத நாளிலும் சுடலாம் என்று அரசாங்கமே சீட்டுக் கொடுக்கும். சுகாசினி கொஞ்சம் சமாதானமானாள். ஸ்கோப்பைக் கடையிலேயே பொருத்தி, குறி சரிபார்த்துக் கொடுப்பார்கள், ஆனால் அதற்கு இரண்டு நாள் ஆகும் என்று எழுதினாள்.

"அப்படியானால் ஸ்கோப் வேண்டாம்" என்று உடனே பதில் வந்தது. "அவ்வளவு பக்கத்தில் தேவைப்படாது. சாயங்காலம் மெயில்பாக்ஸ் வரைக்கும் வருவாள். தினமும் அதே நேரம்."

எழுபது கஜம் என்றவர்தான் இவர்.

சுகாசினி சாட்டை மேலே தள்ளி முதலிலிருந்து படித்தாள். வீட்டுக்கு முன்னால் தெருவோரம் நட்டிருக்கும் அந்தத் தபால் பெட்டிப் பக்கத்தில் மான் வந்து மேயாதா? மேயும். தினமும் அதே நேரத்தில் வராதா? வரும். மான் அப்படித்தான் வரும் என்று அவளே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தால் எல்லாம் மானுக்குப் பொருந்தியது. சேர்த்துப் பார்த்தால் மான் கண்ணில் தெரியவில்லை. கையில் கடிதங்களோடு ஒரு பொம்பளை தெரிந்தாள்.

"ஒரு நிமிடம், ராய். கடையில் இருப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன்" என்று அடித்துவிட்டு எழுந்தாள்.

டீம் லீடர் லோகேஸ்வரன் மூலையில் உட்கார்ந்து தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். பிள்ளையார்பாளையத்துக்காரர். வீட்டில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் தறியில் இருக்க, இவர் ஒருவர் மட்டும் கம்ப்யூட்டருக்கு வந்தவர். நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன்.

"சார், கொஞ்சம் வாங்களேன். ஒரு சாட் பாக்கணும். எனக்குச் சரியாப் படல."

அவர் வந்து குனிந்து மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இன்னாமா இதுல? மான் வாங்குற ஆளு… அதான், மானுக்குத் துப்பாக்கி வாங்குற ஆளு. பர்மிட் இருக்குதுன்றாரே."

"மான் எடையை எப்படி சார் அவ்ளோ கரெக்டா சொல்றாரு? ஸ்கோப் வேணாம்ன்றாரு. நாளைக்கே வேணும்ன்றாரு. ரெட் ஃப்ளாக் போட்டுடட்டுமா?"

லோகேஸ்வரன் நிமிர்ந்தார். ரெட் ஃப்ளாக் என்பது திரையின் ஓரத்தில் இருக்கிற ஒரு பட்டன். அதை அழுத்தினால் அந்த வாடிக்கையாளருக்கு விற்பனை நின்றுவிடும். அமெரிக்காவில் கம்பெனியின் பாதுகாப்பு ஆட்கள் விசாரிப்பார்கள், அவசியம் என்று பட்டால் போலீஸைக் கூப்பிடுவார்கள்.

"போன டிசம்பர்ல இன்னா ஆச்சுன்னு தெரியுமில்ல? மாமியாரைப் பத்தி எவனோ ஜோக்கடிச்சான்னு நம்ம பையன் ஒருத்தன் ஃப்ளாக் போட்டான். அந்தாளு ஒரு சர்ச் பாதிரி. வீட்டுக்குப் போலீஸ் போயி, அவரு கம்பெனி மேல கேஸ் போடுறேன்னு நின்னு… அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்? இன்னொருவாட்டி ஆச்சுன்னா இந்த சாட் வேலையையே வேற ஊருக்கு மாத்திடுவோம்னு அமெரிக்காக்காரங்க சொல்லிக்கினு இருக்காங்க. நாப்பது பேரு வேலைமா."

"நெஜமா இருந்துச்சுன்னா சார்?"

"இல்லன்னா?"

அப்போது கரண்ட் போயிற்று. மின்வாரியம் முதல் நாளே சொல்லியிருந்த பராமரிப்பு வேலை. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஜெனரேட்டரைக் கிளப்ப வாட்ச்மேன் கீழே இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. யு.பி.எஸ். அதிக நேரம் தாங்காது. சாட் அறுந்து போனால் ராய் போய்விடுவார். வேறு கடை, வேறு சாட். அங்கே வேறு ஒருத்தி இருப்பாள், போதும் சார் என்று பதில் அடிப்பாள்.

திரையில் எழுத்து ஓடியது. "இருக்கிறதா, சூசி?"

சுகாசினி நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. விரல்கள் தாமாகவே அடித்தன.

"பார்க்கிறார்கள், ராய். அவள் பெயர் என்ன?"

"இன்னா பண்ற நீ?" என்றார் லோகேஸ்வரன், கத்தவும் முடியாமல் கத்தாமல் இருக்கவும் முடியாமல்.

ராய் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டுகிற மூன்று புள்ளிகள் வந்தன, மறைந்தன, மறுபடி வந்தன. யு.பி.எஸ். கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுப் பொன்னி தன் வேலையை விட்டுவிட்டு இந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டயான்" என்று வந்தது.

சுகாசினி பட்டனை அழுத்தினாள். லோகேஸ்வரன் தன் மேஜைக்கு ஓடி, அமெரிக்கக் கம்பெனியின் அவசர எண்ணைத் தேடிப் போட்டார். எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். ஆளின் பெயர், கணக்கில் இருந்த விலாசம், நாளைக் காலையில் துப்பாக்கி கேட்கிறார், ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்கிறார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"அந்தாளை வுட்டுடாத. போலீஸ் போற வரைக்கும் பேசிக்கினே இருக்கச் சொல்றாங்க."

கீழே ஜெனரேட்டர் இருமி இருமிக் கிளம்பியது. மின்விசிறி மறுபடி சுற்றியது.

"நீ எனக்கு விற்கப் போவதில்லை, இல்லையா?" என்று ராய் எழுதியிருந்தார்.

"இல்லை, ராய்."

அவர் போய்விடுவார் என்றுதான் சுகாசினி நினைத்தாள். போகவில்லை. டயான் என் மனைவி, முப்பது வருஷமாகத் தெரியும் என்று எழுதினார். தோள் போனதோடு தொழிற்சாலை வேலையும் போயிற்று என்றார். இலையுதிர் காலத்தில் டயான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான்கு தெரு தள்ளி வீடு பார்த்துப் போய்விட்டாளாம். சாயங்காலங்களில் இவர் காரை நிறுத்திவிட்டு, அவள் மெயில்பாக்ஸைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். "அவள் ஒருநாளும் என் பக்கம் திரும்பவில்லை" என்று எழுதினார். கொஞ்சம் விட்டு, "திரும்பியிருந்தால் ஒருவேளை" என்று எழுதினார். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவர் மேல் பரிதாபப்படுவதா, பயப்படுவதா என்று சுகாசினிக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தன. காரில் உட்கார்ந்து தினமும் பார்க்கிற ஆளை நினைத்தால் உடம்பு கூசியது. இதைச் சொல்ல அவருக்கு ஒரு துப்பாக்கிக் கடைச் சாட் தவிர வேறு இடம் கிடைக்கவில்லையே என்றும் இருந்தது. "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா?" இல்லை. "ஏற்கெனவே துப்பாக்கி இருக்கிறதா?" விற்றுவிட்டேன், தோளுக்குச் செலவழித்தேன் என்றார். அதைப் படித்ததும் லோகேஸ்வரன் போனில் அப்படியே சொன்னார்.

கடைசியில் ராய் எழுதினார். "வாசலில் யாரோ நிற்கிறார்கள். விளக்கு தெரிகிறது. நீ சொன்னாயா, சூசி?"

"ஒத்துக்காதமா," என்று லோகேஸ்வரன் கிசுகிசுத்தார். "சிஸ்டம் செஞ்சுதுன்னு போடு. உம் பேரு எதுக்கு?"

சுகாசினி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமாம், ராய். நான்தான் சொன்னேன்."

மூன்று புள்ளிகள் வந்தன. பிறகு சாட் மூடிக்கொண்டது.

அதன் பிறகுதான் நிஜமான கஷ்டம் ஆரம்பித்தது. என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. கம்பெனி, விஷயம் எங்கள் கையில், வெளியில் பேச வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பியது. மாதக் கடைசியில் வந்த தர மதிப்பீட்டில், வாடிக்கையாளரிடம் சொந்த விஷயம் கேட்டதற்காகச் சுகாசினிக்கு மதிப்பெண் வெட்டியிருந்தார்கள். லோகேஸ்வரன் அதற்காக நாலு மெயில் எழுதிச் சண்டை போட்டார். அவர் அப்படிச் சண்டை போட்டு யாரும் பார்த்ததில்லை.

வீட்டில் அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். புருஷன் மணிவண்ணன் சுங்குவார்சத்திரத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவன். அவனுக்கு வேறு கவலை.

"அந்தாளு உன்னைத் தேடிக்கினு வந்தான்னா?"

"அமெரிக்கால இருந்தா? அவனுக்குச் சூசின்ற பேருதான் தெரியும்."

"அப்புறம் ஏன் தூக்கத்துல எழுந்து எழுந்து குந்திக்கினு இருக்கற?"

அவள் சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "அவன் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டான்னா? சும்மா மனசு வெறுத்துப் போயிப் பேசினவனா இருந்தா? ராத்திரில போலீஸை அனுப்பி அவன் பொழப்பைக் கெடுத்துட்டேனோன்னு இருக்குது."

மணிவண்ணன் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

சித்திரையில் கடிதம் வந்தது. டயான் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்டிருக்கிறாள், சாட்டில் பேசினவர் வீடியோவில் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று அவளுடைய வக்கீல் கேட்டிருந்தார். கம்பெனியும் ஒத்துக்கொண்டது. அங்கே காலை கோர்ட் கூடும்போது இங்கே விளக்கு வைக்கிற நேரம். எல்லோரும் போன பிறகு, ஆபீஸில் லோகேஸ்வரன் ஒரு பக்கம் இருக்க, சுகாசினி கேமரா முன்னால் உட்கார்ந்தாள். மணிவண்ணன் கீழே பைக்கோடு நின்றிருந்தான்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். நீதிபதி, இரண்டு வக்கீல்கள். ஒரு கட்டத்தில் தன் வக்கீலுக்குப் பக்கத்தில் வெளிறிய முகத்தோடு பெரிய உடம்புக்காரர் ஒருவர், ஒரு தோள் இறங்கி. ராயை அவள் இப்படி நினைத்திருக்கவில்லை. இன்னும் கோபமான முகத்தை எதிர்பார்த்திருந்தாள். இன்னொரு கட்டத்தில் குட்டையாக முடி வெட்டிய நரைத்த தலைப் பெண்மணி. சட்டையின் கழுத்துப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

சாட்டை வரி வரியாகப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள். பிறகு ராயின் வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நீங்கள் எப்போதாவது மான் வேட்டைக்குப் போயிருக்கிறீர்களா?"

"இல்லை."

"பெண்மானை வேட்டைக்காரர்கள் 'அவள்' என்று சொல்வது தெரியுமா?"

"தெரியும்."

"வீட்டுப் பக்கம் தினமும் வருகிற மானுக்குப் பெயர் வைப்பவர்கள்கூட உண்டு. வெறுத்துப்போன மனிதர் அதற்குத் தன்னை விட்டுப்போன மனைவியின் பெயரையே வைத்திருக்கலாம், இல்லையா?"

"வைத்திருக்கலாம்."

"ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்துகொண்டு, பார்த்தே இராத ஒரு மனிதர் என்ன நினைத்தார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா?"

முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்மணிக்கு உத்தரவு கிடைத்துவிடும். சொல்ல வாய் வரவில்லை.

"முடியாது சார்," என்றாள் சுகாசினி, தன் ஆங்கிலத்தில். "அன்றைக்கும் எனக்கு உறுதியாகத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. தெரியாத விஷயத்துக்குத் துப்பாக்கி விற்க எனக்குப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்."

வக்கீல் திருப்தியோடு தலையாட்டிவிட்டு உட்காரப் போனார். டயான் பொத்தானை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் மேஜைக்குக் கீழே இறக்கிக்கொண்டாள். தான் அவளைக் கைவிட்டுவிட்டோம் என்று சுகாசினி நினைத்தாள்.

அப்போது ராய் ஏதோ முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. வக்கீல் அவசரமாக அவர் கையைப் பிடித்து இழுத்தார். ராய் கையை விடுவித்துக்கொண்டார்.

"மான் எதுவும் இல்லை," என்றார். "எனக்கு நிலமே கிடையாது. அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்யாதீர்கள்."

பிறகு நீதிபதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரிடம் மேலும் சில கேள்விகள் கேட்டார். எல்லாவற்றுக்கும் ராய் தலையைக் குனிந்தபடியே பதில் சொன்னார். உத்தரவு கிடைத்தது. அவர் டயான் இருக்கிற தெருப் பக்கமே போகக்கூடாது, எந்தத் துப்பாக்கியும் வாங்கக்கூடாது, மனநல வைத்தியம் எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராவை அணைப்பதற்கு முன்னால் டயான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள். உதட்டை அசைத்தாள். அவள் பக்கம் ஒலி நிறுத்தி வைத்திருந்ததால் என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை.

லோகேஸ்வரன் கர்ச்சீப்பை எடுத்து முகம், கழுத்தெல்லாம் துடைத்துக்கொண்டார். "ஒரு பொய் சொல்லிடுவியோன்னு பயந்துக்கினே இருந்தேன்மா. அப்புறம் நீ சொல்லலையேன்னு பயந்தேன்."

சுகாசினி பதில் சொல்லாமல் படி இறங்கினாள். கடையில் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார்கள். மணிவண்ணன் பைக்கிலிருந்து இறங்கி வந்தான்.

"இன்னா ஆச்சு?"

"அந்தாளே ஒத்துக்கினான்பா," என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. நடுத்தெருவில், போகிறவர்கள் வருகிறவர்கள் பார்க்க, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் ஒன்றும் கேட்காமல் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றான்.